கூழ்க் கொட்டகைப் பில்லைகள்

ஊரிகம்,
1898 செப்டம்பர் 20.

அன்பு மாறாத பார்வதத்துக்கு,

ஐடா எழுதுகிறேன். குடியாத்தம் பக்கம் மழை உண்டா, உன் மாமன் உன்னை நன்றாக வைத்திருக்கிறாரா, தாலி ஏறின கழுத்து கனக்கிறதா என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்கிறேன். நீயும் ஒரே மூச்சில் பதில் எழுது. நம் வகுப்பில் உன் இடத்தில் இன்னும் யாரையும் உட்கார வைக்கவில்லை. என் புத்தகப் பையை அங்கே வைத்து விடுகிறேன். கல்யாணமான பெண்ணுக்குக் காகிதம் எதற்கு என்று அங்கே யாராவது கேட்டால், ஊரிலிருந்து அம்மாவின் சேதி வருகிறது என்று சொல். அது பொய்யில்லை. உன் அம்மாவையும் ரத்தினத்தையும் பற்றி மாதம் ஒரு தடவை எழுதுவதாக ரயிலடியில் உனக்கு வாக்குக் கொடுத்தேன் அல்லவா?

உன் அம்மா சுகம். முன்போலவே சங்கின் காலை ஊதலுக்கு எழுந்து, தங்கச் சுரங்கத்திலிருந்து மேலே வரும் கல்லைத் தரம் பிரிக்கப் போகிறார்கள். உன் அப்பாவின் உயிர் போன ஷாஃப்ட் குழி வழியாகப் போகாமல் இன்னும் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள். ரத்தினம் சுகத்திலும் சுகம். ஐந்து வயதுக்கு இத்தனை வாயா என்று கூழ்க் கொட்டகையில் எல்லோரும் கேட்கிறார்கள். "அக்கா எப்ப வரும்?" என்று தினமும் கேட்கிறாள். "கேவுரு அறுத்தா வரும்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். "எந்த ஊரு கேவுரு?" என்கிறாள். எந்த ஊர்க் கேழ்வரகு என்று நீதான் எழுத வேண்டும்.

நாம் இருவரும் முதலில் பதினொரு பிள்ளைகளுக்குக் கூழ் காய்ச்சினோம், நினைவிருக்கிறதா? அம்மாமார் ஊதலுக்குப் போனால் பொழுது சாயும்வரை பிள்ளைகள் வெறும் வயிற்றோடு கூலி லைன் வீடுகளிடையே அலைகின்றன என்று நீ சொல்லித்தானே ஆரம்பித்தோம்! இன்றைக்கு அறுபத்து மூன்று பிள்ளைகள். கம்பெனித் துரைசாணி அம்மாள் கொடுக்கும் ஒரு மூட்டைக் கேழ்வரகு வாரக் கடைசிவரை வருவதில்லை என்றதும் ஒன்றரை மூட்டையாக்கி விட்டார்கள். பதினோரு மணிக்கு வகுப்பிலிருந்து விட்டதும் ஓடிப்போய் அடுப்பு மூட்டுகிறேன். நீ துடுப்புப் பிடித்தவரை கூழில் கட்டி விழுந்ததில்லை. நான் பிடித்த முதல் வாரம் கட்டியைத் தவிர வேறொன்றும் இல்லை. உங்கள் பக்கத்து வீட்டுப் பட்டம்மா, எட்டு வயதுதான், ஒரு கட்டியை விரலால் எடுத்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, "இன்னாக்கா இது, கூழா, இல்ல மில்லுல அரைக்கிற கல்லா?" என்றாள். அத்தனை பிள்ளைகளும் சிரித்தன. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன். இப்போது மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைத்து, நொய் வெந்த பிறகு ஊற்றிக் கை விடாமல் கிளறுகிறேன். பட்டம்மாவும் ஒன்றும் சொல்வதில்லை.

என் அம்மாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "நாமளும் அந்த லைன்லருந்து வந்தவங்கதான். அதனாலதான் சொல்றேன், திரும்பிப் போகாத" என்கிறார்கள். இது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

இப்போது முக்கியமான சேதி. அறுபது பிள்ளைகள் சேர்ந்ததும் தள்ளுமுள்ளு வந்துவிட்டது. பலமுள்ளது இரண்டு தடவை குடிக்கிறது. மெலிந்தது பின்னால் நின்று வெறும் தட்டோடு போகிறது. இதற்கு என்ன செய்வது என்று மூன்று நாள் யோசித்தேன். என் அப்பா வேலை செய்யும் டைம் ஆபீசில் ஒரு பலகை உண்டு, நீ பார்த்திருக்கிறாய். சுரங்கத்தில் இறங்குகிறவன் நம்பர் போட்ட தன் பித்தளைப் பில்லையை அதில் மாட்டிவிட்டு இறங்குவான்; ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வான். ஷிப்டு முடிந்தும் எந்தப் பில்லை தொங்குகிறதோ, அந்த ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று பொருள். அதையே கூழுக்கு ஏன் செய்யக்கூடாது என்று தோன்றியது.

பிஸ்கோத்துத் தகரத்தை வெட்டி அறுபத்து மூன்று பில்லைகள் செய்தேன். ஆணியால் குத்திக் குத்தி நம்பர் போட்டேன். லைனில் முனியம்மா மட்டும் ஏழு பேர், ஆகையால் பெயர் உதவாது. கம்பெனியார் கதவில் எழுதிய வீட்டு நம்பரையே வைத்துக்கொண்டேன். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளை என்றால் பக்கத்தில் ஒரு புள்ளி. சுவரில் இரண்டு பலகை அடித்திருக்கிறேன். பிள்ளை வந்ததும் இடது பலகையிலிருந்து தன் பில்லையை எடுத்து வலது பலகையில் மாட்டிய பிறகுதான் தட்டை நீட்ட வேண்டும். எல்லாம் முடிந்தபின் இடது பலகையில் மிஞ்சுகிற பில்லை வராத பிள்ளையுடையது. அதன் கீழே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுவேன். மூன்று கோடு விழுந்தால் நானே அந்த வீட்டுக்குப் போய் ஏன் வரவில்லை என்று விசாரிப்பேன். எப்படி?

இதைக் கேட்டு என் அப்பா சிரித்து, "கம்பெனி புத்தி உனக்கும் வந்துச்சா" என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ரத்தினத்தின் நம்பர் முப்பத்தேழு. ஆணி எட்டாது, பட்டம்மா இடுப்பைப் பிடித்துத் தூக்குவாள். மாட்டிவிட்டு ரத்தினம் ஒரு தடவை கை தட்டுவாள்.

பெங்களூரில் பிளேக் என்று சொல்கிறார்கள். இங்கே ஒன்றும் இல்லை, பயப்படாதே.

தபால்காரரைத் தினமும் வழிமறிக்கப் போகிற உன் சிநேகிதி,
ஐடா.


ஊரிகம்,
1898 அக்டோபர் 29.

பிரியமுள்ள பார்வதத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒன்பது வரியையும் உன் அம்மாவுக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். மூன்றாம் தடவை அவர்களும் கூடவே சொல்லிக்கொண்டு வந்தார்கள். "ரத்தினம் இளைத்தாளா" என்று நீ கேட்ட இடத்தில் ரத்தினம் தன் வயிற்றை உப்பிக் காட்டினாள். இது இந்த மாதத் தொடக்கத்தில்.

இப்போது இங்கேயும் பிளேக் வந்துவிட்டது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். எங்கள் லைனில் இல்லை. தள்ளி இருக்கும் லைனில் மூன்று பேர் போய்விட்டார்கள். மில்லில் அரைத்துக் கொட்டிய வெள்ளை மணல் மேட்டுக்கு அப்பால் கீற்றுக் கொட்டகை போட்டுக் காம்பு என்று வைத்திருக்கிறார்கள். எந்த வீட்டில் காய்ச்சல் என்று தெரிகிறதோ அந்த வீட்டார் அனைவரையும் வண்டியில் ஏற்றி அங்கே கொண்டு போகிறார்கள். வீட்டுக் கூரையைப் பிரித்து, பாயையும் துணியையும் எரித்து விடுகிறார்கள். இது நோய் பரவாமலிருக்கத்தான் என்று பள்ளிக்கூடத்தில் விளக்கிச் சொன்னார்கள். நானும் பாடமாக எழுதி, நல்ல மதிப்பெண் வாங்கினேன். லைனில் கேட்டால் வேறு விதமாகச் சொல்கிறார்கள். காம்புக்குப் போனால் திரும்புவது கிடையாது, ஊசி போட்டே கொன்று விடுகிறார்கள் என்கிறார்கள். அறியாமை என்பது இதுதான் என்று நினைக்கிறேன். அவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்கிறேன். யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. "சரி கண்ணு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

என் பலகையைப் பார்க்கத் துரைசாணி அம்மாள் போன வாரம் ஒரு பெரிய டாக்டர் துரையையும் ஒரு சானிட்டரி இன்ஸ்பெக்டரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இன்ஸ்பெக்டர் நம்மவர்தான், தலைப்பாகை கட்டியவர். இந்தக் கோடுகள் என்ன என்று துரை கேட்டார். நானே இங்கிலீஷில் விளக்கினேன், பார்வதம்! தப்பில்லாமல் ஏழு வாக்கியம். துரை தலையை ஆட்டி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அன்று முதல் இன்ஸ்பெக்டர் தினமும் கூழ் ஊற்றுகிற நேரத்துக்கு வந்து பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறார். என்னை "மிஸ்" என்று கூப்பிடுகிறார்.

ஆனால் பிள்ளைகள் குறைகின்றன. அறுபத்து மூன்று, ஐம்பது ஆயிற்று. இப்போது நாற்பத்து நான்கு. கூழில் ஒரு குறையும் இல்லை. போன வாரம் வெங்காயம்கூட நறுக்கிப் போட்டேன்.

இன்னொன்று. ஒரு திருட்டைப் பிடித்தேன். பட்டம்மா தன் பில்லையை மாட்டிவிட்டு, யாரும் பார்க்காதபோது முப்பத்தேழையும் எடுத்து வலது பலகையில் மாட்டினாள். இரண்டு தட்டை நீட்டினாள். ரத்தினம் எங்கே என்று கேட்டேன். "ஊட்ல கீதுக்கா, தூங்கிகினு கீது. நான் எடுத்துகினு போய்த் தரேன்" என்றாள். உடம்பு சரியில்லையா என்றதற்கு இன்ஸ்பெக்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அய்ய, அதுக்கு இன்னா, கல்லு மாதிரி கீது" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு பங்கு குடிக்கத்தான் இந்த வேலை என்று தெரிந்தது. வந்தவர்களுக்குத்தான் கூழ், ஒரு பிள்ளைக்கு ஒரு பில்லை என்று சொல்லி, முப்பத்தேழை எடுத்துப் பழைய இடத்திலேயே மாட்டி, கீழே ஒரு கோடும் போட்டேன். பட்டம்மா தன் கூழையும் குடிக்காமல் ஓடிவிட்டாள். பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டர் "வெரி குட், மிஸ்" என்றார். அதற்குப் பிறகு கவனித்துப் பார்த்தால் இன்னும் பல பிள்ளைகள் இதே வேலை செய்கின்றன. இந்த வாரம் மட்டும் ஒன்பது பில்லைகளைத் திருப்பி மாட்டியிருக்கிறேன்.

சாயங்காலம் ரத்தினத்தைப் பார்க்க உங்கள் வீட்டுக்குப் போனேன். எப்போதும் என்னைக் கண்டால் முறத்தைத் திருப்பிப் போட்டு உட்காரச் சொல்லும் உன் அம்மா, கதவைப் பாதி சாத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள். "கொழந்த தூங்குது. நீ போ கண்ணு. உனக்கு எவ்ளோ வேல" என்றார்கள். உள்ளே கூப்பிடவில்லை. பட்டம்மாவைத் திட்டியதற்காகவா? எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. நீயே சொல், நான் செய்தது நியாயம்தானே? பொய்யாக ஒரு பில்லை நகர்ந்தால் அப்புறம் பலகை எதற்கு?

உன் அம்மாவுக்கு நீ ஒரு வரி எழுதி என் பேரில் வருத்தம் வைக்க வேண்டாம் என்று சொல். அவர்களுக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன்.

எப்போதும் உன்,
ஐடா.


ஊரிகம்,
1898 நவம்பர் 16.

பார்வதத்துக்கு,

இரண்டு தடவை எழுத ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால் பைகளுக்குப் புகை போடுவதால் தாமதமாகிறது என்று அப்பா சொல்கிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

போன வாரம் திங்கட்கிழமை கூழ் ஊற்றி முடிந்ததும் இன்ஸ்பெக்டர் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பலகை முன்னால் வந்து நின்றார். மூன்று கோடும் அதற்கு மேலும் விழுந்த நம்பர்களை வாசிக்கச் சொன்னார். அந்த வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளை அழைத்து வரப் போகிறார் என்று நினைத்தேன். சத்தமாக, நிறுத்தி நிறுத்தி, அவர் எழுதுவதற்குத் தகுந்தபடி வாசித்தேன். நான்கு, பதினொன்று, பதினெட்டு, இருபத்திரண்டு, இருபத்தாறு, முப்பது, முப்பத்தேழு, நாற்பத்தொன்று, ஐம்பத்தைந்து. வாசிக்கிற குரல் தெளிவாக இருக்கிறது என்று பாராட்டினார்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை, ஊதலுக்கு முன்னால், இன்ஸ்பெக்டரின் ஆட்கள் வண்டிகளோடு வந்துவிட்டார்கள். அந்த ஒன்பது வீட்டுக்கும் நேராகப் போனார்கள். வேறு எந்தக் கதவையும் தட்டவில்லை. நான் சேதி கேட்டு ஓடிப்போனபோது உங்கள் வீட்டுக் கூரையில் பாதி பிரித்தாகிவிட்டது. ரத்தினத்தை உன் அம்மா தோளில் போட்டிருந்தார்கள். முகம், கழுத்து, கை எல்லாம் பொரிப் பொரியாகச் சிவந்திருந்தது. அது மணல்வாரி அம்மை, பார்வதம். எனக்கே தெரிந்தது. லைனில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லுவாள். வாசலில் கட்டினால் கண்ணில் படும் என்று வேப்பிலைக் கொத்தை உன் அம்மா உள்ளே பாய்க்கு அடியில் வைத்திருந்தார்கள். பாயைத் தூக்கி எரிக்கும்போது அது விழுந்தது. இது அம்மை ஐயா, பிளேக் இல்லை என்று நான் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். காய்ச்சல் காய்ச்சல்தான் மிஸ், பிரிப்பது டாக்டர் வேலை என்றார். உன் அம்மா யாரையும் ஏசவில்லை. வண்டியில் ஏறும்போது என்னைப் பார்த்தார்கள். "அவளுக்கு எழுதாத கண்ணு. பயந்துடுவா" என்றார்கள். அதனால்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். அது மட்டும் காரணம் இல்லை.

மறுநாள் நாற்பது பேருக்குக் கூழ் காய்ச்சினேன். மூன்று மணிவரை ஒரு பிள்ளையும் வரவில்லை. அண்டாவில் ஆடை கட்டிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் சரோஜம்மா என்கிற பெண்பிள்ளை எல்லோருக்கும் கேட்கும்படி, "வாம்மா தாயே, இன்னிக்கி எந்த நம்பரு? எங்க ஊட்டு நம்பரு நாப்பத்திமூணு, நோட்டுல ஏத்திக்கோ" என்றாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகிப் போனார்கள். அவர்கள் போன பிறகு பட்டம்மா மட்டும் தள்ளி நின்று, "நான் ரெண்டு பங்கு குடிக்கறதுக்கா மாத்தினேன்? அந்த ஆளு பாக்குறானேன்னு மாத்தினேன்" என்றாள். "உனக்குப் படிப்பு வருது, இது வரலியே" என்றாள். பிறகு அவள் அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று அப்பாவிடம் போய் அழுதேன். டைம் ஆபீஸ் பலகை ஆளைக் காப்பாற்றத்தானே இருக்கிறது, என் பலகை மட்டும் ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டேன். அப்பா கையிலெடுத்த சோற்றைத் தட்டில் வைத்தார்கள். "கீழ மாட்டிகினவனைத் தேடறதுக்கா அது கீதுன்னு நெனச்ச? எவன் எந்நேரம் வேலைக்கி வரலன்னு பாக்கறதுக்கும்மா. அன்னிக்கே சொல்லிருக்கணும். நீ சந்தோஷமா இருந்த, நானும் சிரிச்சிட்டேன்" என்றார்கள். அதன் பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

காம்பு வேலிவரை தினமும் போகிறேன். உள்ளே விடுவதில்லை. வாசலில் காவல் இருக்கும் சகாயம் என்ற அம்மாள் நல்லவள். அவளிடம் கஞ்சி கொடுத்தனுப்புகிறேன். ரத்தினத்துக்குப் பொரி உதிர்ந்துவிட்டது, விளையாடுகிறாள் என்று சொன்னாள். உன் அம்மாவுக்கு முந்தாநாள் முதல் உடம்பு கொஞ்சம் சூடு என்றாள். மழை வேறு; அந்தக் கீற்றுக்குள் எல்லோரையும் ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள். சூடு என்றுதான் சொன்னாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

துரைசாணி அம்மாள் என்னைக் கூப்பிட்டு, ஒரு சிறு பெண் இத்தனை உயிர்களைக் காத்தாள் என்று கிறிஸ்துமஸுக்கு முன் எனக்குப் பரிசு கொடுக்கப் போவதாகச் சொன்னார்கள். உன் அம்மாவையும் ரத்தினத்தையும் வெளியே விடச் சொல்லும்படி கேட்டேன். சட்டம் எல்லோருக்கும் ஒன்று, நீதான் அதை நன்றாக அறிந்தவள் என்று என் கன்னத்தைத் தட்டினார்கள்.

உன் மாமனை உடனே அழைத்துக்கொண்டு வா. திட்டுவதானால் வந்து திட்டு. பதில் மட்டும் எழுதாமல் இருக்காதே.

ஐடா.


ஊரிகம்,
1898 டிசம்பர் 11.

மகா கனம் பொருந்திய முனியப்பன் மாமா அவர்களுக்கு,

டைம் ஆபீஸ் கிளார்க் ஆபிரகாம் மகள் ஐடா வணக்கமாய் எழுதிக்கொள்வது. உங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்று பார்வதம் சொல்லியிருக்கிறாள். நான் பார்வதத்துக்கு எழுதிய போன கடிதம் பிரிக்காமலே, வாங்க மறுத்ததாக எழுதித் திரும்பி வந்துவிட்டது. இங்கிருந்து பயந்து ஊருக்கு ஓடி வந்தவர்கள் நான் செய்ததை அங்கே சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொன்னது உண்மை. ஆகையால் உங்கள் பேருக்கு எழுதுகிறேன். இதை உங்களுக்கு வாசித்துச் சொல்கிற ஐயா யாராக இருந்தாலும், ஒரு வரியையும் விடாமல், பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டுகிறேன்.

உங்கள் அக்காள், பார்வதத்தின் அம்மா, நவம்பர் மாதம் இருபத்தெட்டாம் தேதி காம்பில் இறந்துவிட்டார்கள். காம்புக்குப் போகும்போது அவர்களுக்கு ஒரு நோயும் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டாரையும் ஏற்றியதால் கூடப் போனவர்கள். அங்கேதான் பிளேக் தொற்றியது. உடலை எங்கள் யாருக்கும் காட்டவில்லை. மணல் மேட்டுக்கு அப்பால் எந்த இடம் என்று சகாயம் அம்மாளுக்குத் தெரியும். நீங்கள் வந்தால் காட்டுவாள்.

ரத்தினம் உயிரோடு இருக்கிறாள். அவளுக்கு வந்தது வெறும் மணல்வாரிதான். அது எப்போதோ இறங்கிவிட்டது.

அவர்களைக் காம்புக்கு அனுப்பியது நான். தெரியாமல் செய்தேன் என்று முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். முழுவதும் தெரியாமல் என்று சொல்ல முடியாது. பட்டம்மா சொன்னதைக் கேட்ட பிறகு லைனில் ஒவ்வொரு வீடாகப் போய் விசாரித்தேன். பாதிப் பேர் கதவைச் சாத்தினார்கள். மீதிப் பேர் சொன்னார்கள். அந்த மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட வீடு இருபத்தைந்துக்குக் குறையாது. எல்லா வீட்டுப் பில்லைகளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சொல்லி வைத்தாற்போல் மாற்றி மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வந்த தலைகளை எண்ணினேனே தவிர, வலது பலகையின் பில்லைகளை நான் எண்ணவில்லை. நான் கவனிக்காமல் விட்ட வீடுகளை யாரும் தொடவில்லை. அந்தப் பிள்ளைகள் பிழைத்துத் தெருவில் விளையாடுகின்றன. நான் கண்டுபிடித்து, திருட்டு என்று சொல்லி, என் கையால் திருப்பி மாட்டியவை ஒன்பது. போனவை அந்த ஒன்பதுதான். அந்த வீடுகளிலிருந்து காம்புக்குப் போனவர்கள் முப்பத்தொரு பேர். இன்றுவரை பதினான்கு பேர் இறந்திருக்கிறார்கள். இதைத் துரைசாணி அம்மாளிடமும் சொன்னேன். நீ களைத்திருக்கிறாய் என்று சொல்லி, குடிக்கப் பால் கொடுத்தார்கள்.

போன வெள்ளிக்கிழமை எனக்குப் பரிசு கொடுத்தார்கள். பொன் விளிம்பு போட்ட புத்தகம். வேண்டாம் என்று சொல்வதற்காக வீட்டில் ஒரு வாக்கியம் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போய் வாங்கிக்கொண்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். இதையும் பார்வதத்துக்குச் சொல்லுங்கள்.

இனிமேல் சொல்வதுதான் அவசரம். காம்பில் தாய் தகப்பன் இல்லாமல் போன பிள்ளைகள் ஆறு பேர். அவர்களை இந்த மாதம் இருபதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, ரயிலேற்றித் தூரத்தில் ஓர் அநாதை விடுதிக்கு அனுப்பப் போகிறார்கள். எந்த ஊர் என்று என் அப்பா கேட்டும் சொல்லவில்லை. அங்கே போனால் பெயரை மாற்றி விடுவார்கள். பிறகு தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்று அப்பா சொல்கிறார்கள். நாங்கள் வளர்க்கிறோம் என்று அப்பா எழுதிக் கொடுத்துப் பார்த்தார்கள். வேண்டாம் வேண்டாம் என்று முதலில் சொன்ன என் அம்மாவும் அதில் கைநாட்டு வைத்தார்கள். ரத்த சம்பந்தம் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். தாய்மாமன் நேரில் வந்து கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஆபீசில் சொன்னதாக அப்பா சொல்கிறார்கள். ஆகையால் நீங்கள் வர வேண்டும். பார்வதத்தையும் அழைத்து வாருங்கள்.

குடியாத்தத்தில் ரயிலேறினால் பௌரிங்பேட்டையில் இறக்கி, கழுத்தும் அக்குளும் தடவிப் பார்ப்பார்கள். பெண்களுக்குப் பெண் ஒருத்தி இருக்கிறாள், பார்வதம் பயப்பட வேண்டாம். குடியாத்தத்தில் நோய் இல்லை என்று உங்கள் ஊர் மணியக்காரரிடம் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டால் நல்லது. பௌரிங்பேட்டையில் ஊரிகத்துக்கு ரயில் மாற வேண்டும். பதினேழாம் தேதி சனிக்கிழமை முதல் அந்தச் செவ்வாய்வரை ஒவ்வொரு ரயிலுக்கும் என் அப்பா ஸ்டேஷனில் நிற்பார்கள். கறுப்புக் கோட்டு, இடது கால் கொஞ்சம் சாய்த்து நடப்பார்கள். நான் வரமாட்டேன். என் முகத்தைப் பார்க்க நேருமே என்று நீங்கள் வராமல் இருந்துவிடக் கூடாது. எங்கள் வீட்டில் தங்க மனமில்லாவிட்டால் சகாயம் அம்மாள் வீட்டில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்த வாரம் என்னை வேலிக்கு உள்ளே விட்டார்கள். அந்த ஆறு பிள்ளைகளுக்கும் நான்தான் கூழ் காய்ச்சுகிறேன். கொட்டகையில் இப்போது அடுப்பு எரிவதில்லை. மற்ற ஐந்தும் குடிக்கின்றன. ரத்தினம் என் கையால் குடிப்பதில்லை. ஏசுவதில்லை, அழுவதில்லை, வாயை மட்டும் இறுக மூடிக்கொள்கிறாள். சகாயம் அம்மாள் ஊட்டினால் இரண்டு வாய் வாங்குகிறாள், அதற்கு மேல் இல்லை. அம்மா எங்கே என்று அவள் யாரையும் கேட்கவில்லை. எப்போது பார்த்தாலும் தூங்காமல் படுத்திருக்கிறாள். கை மணிக்கட்டில் எலும்பு தெரிகிறது.

பார்வதம் ஊட்டினால் குடிப்பாள். அவள் என்னோடு பேச வேண்டாம், எனக்கு எழுத வேண்டாம், என் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் வந்து பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டச் சொல்லுங்கள் மாமா. உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் நோயில்லாமல் வளரட்டும். வாருங்கள்.

உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிற,
ஐடா.